பத்துக்குப் பத்து ரூமில் ஸ்டூடியோ... ஸ்பீக்கர் வாங்கும் முன் சுவரைப் பாருங்க!

ராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்து மிக்ஸ் செய்த பாட்டு. வீட்டு ஸ்பீக்கரில் கேட்டால் மிருதங்கம் நெஞ்சில் வந்து அடிக்கிறது. காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் சித்தப்பாவிடமிருந்து முதல் பதில் வருகிறது: "பாட்டு நல்லாருக்கு. மிருதங்கம் வாசிச்சது யாரு... வாசிச்சாரா இல்லையா?"

வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்யும் எல்லோரும் ஒரு முறையாவது இந்த அவமானத்தைப் பார்த்திருப்பார்கள். தப்பு மிருதங்கக்காரர் மேல் இல்லை. மிக்ஸ் செய்தவர் காது மேலும் இல்லை. அவர் நம்பிக் கேட்ட ஸ்பீக்கர் பொய் சொல்லிவிட்டது. இல்லாத பேஸை இருப்பதாகக் காட்டியது. 'ஐயோ, அதிகமாக இருக்கிறதே' என்று அவர் குறைத்தார். இப்போது போனில் கேட்கும்போது தொப்பிப் பக்கத்தையே காணோம்.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கும் பாபநாசத்தில் இது வெறும் ஹாபி விஷயம் கிடையாது. (கமல்ஹாசன் படத்தில் வருவது திருநெல்வேலிப் பக்கத்து பாபநாசம். இது குடமுருட்டிக் கரை பாபநாசம்.) கீர்த்தனைகளாலும் சினிமாப் பாட்டுகளாலும் தமிழ்நாட்டையே பாட வைத்த பாபநாசம் சிவன் தன் பெயரோடு சுமந்த ஊர். பக்கத்திலேயே பாகவத மேளா நடக்கும் மெலட்டூர். இன்னொரு பக்கம் தியாகராஜ ஆராதனை நடக்கும் திருவையாறு. கும்பகோணம் தாண்டிப் போனால் நரசிங்கம்பேட்டை. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. இப்படிப்பட்ட வட்டாரத்தில் தேவாரம் பாடுகிறவர், தவில் வாசிக்கிறவர், வீணை சொல்லிக்கொடுக்கிறவர் எல்லோருக்கும் இன்று யூடியூப் சேனல் ஒரு விசிட்டிங் கார்டு. அதைக் கேட்டுவிட்டுத்தான் வெளிநாட்டிலிருந்து ஆன்லைன் கிளாஸுக்கு ஆள் வருகிறார்கள், கோயில் கச்சேரிக்கு அழைப்பு வருகிறது.

ஸ்பீக்கர் வாங்கும் பணமும் சும்மா வருவதில்லை. ஒரு கச்சேரி சீசன் முழுக்கச் சேர்த்ததாக இருக்கும். இல்லாவிட்டால் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு அப்பா கொடுத்ததாக இருக்கும். அந்த முப்பதாயிரம் நாற்பதாயிரத்தைத் தப்பான பெட்டியில் போட்டால் திருப்பிச் சேர்க்க இன்னொரு போகம் காத்திருக்க வேண்டும்.

இனிமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

ஹாலில் பாட்டு கேட்கும் ஸ்பீக்கருக்கும் ஸ்டூடியோ மானிட்டருக்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப எளிமையானது. முதலாவது உங்களைச் சந்தோஷப்படுத்தச் செய்யப்பட்டது. பேஸைக் கொஞ்சம் தூக்கி, 'டிங்' சத்தத்தைக் கொஞ்சம் பளபளப்பாக்கி, எல்லாப் பாட்டையும் அழகாகக் காட்டும். மானிட்டர் அப்படிச் செய்யக் கூடாது. ரெக்கார்டிங்கில் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் விழுந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கல்யாண ஆல்பத்தில் போடும் போட்டோவுக்கும் எக்ஸ்ரேவுக்கும் இருக்கும் வித்தியாசம்தான்.

அதனால் கடையில் 'ஆஹா' என்று தோன்றும் ஸ்பீக்கரைத் தூக்கிவருவதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. சவுண்ட் பார், பார்ட்டி ஸ்பீக்கர், அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்ட ஹோம் தியேட்டர் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. புளூடூத் ஸ்பீக்கர் இன்னும் மோசம். சத்தம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூட தாமதமாக வந்து சேரும். ஆதி தாளத்தை அதில் கேட்டுக்கொண்டே வாசித்துப் பாருங்கள், தெரியும்.

இதற்கு நல்ல உதாரணம் யமஹா என்.எஸ்.10. 1978-ல் வீட்டு ஸ்பீக்கராகத்தான் அது கடைக்கு வந்தது. வரவேற்பு சுமார்தான், கேட்க இனிமையாக இல்லை என்றார்கள். ஆனால் சவுண்ட் இன்ஜினீயர்கள் கண்டுபிடித்த விஷயம் வேறு. இதில் நன்றாகக் கேட்கும்படி ஒரு பாட்டை மிக்ஸ் செய்துவிட்டால் ரேடியோவில், காரில், டேப் ரெக்கார்டரில் எங்கே போட்டாலும் நன்றாகக் கேட்டது. ஹைஸ் காதைக் குத்தியதால் சிலர் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிக்கொண்டார்களே தவிர, ஸ்பீக்கரை மாற்றவில்லை! 2001-ல் உற்பத்தி நின்றுபோன பிறகும், அந்த வெள்ளைக் கோன் ஸ்பீக்கரை இன்றும் பெரிய ஸ்டூடியோ போட்டோக்களில் பார்க்கலாம்.

பெட்ரூமில் செய்த ஆல்பம்

'வீட்டு ரூமில் செய்தால் தரம் வருமா?' என்று தயங்குபவர்கள் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளலாம். ஒன்று நம்ம ஊர். 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்பக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய ஸ்டூடியோதான் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்'. 1992-ல் 'ரோஜா' பாட்டுகள் வந்தது அங்கிருந்துதான். அது முறையாகக் கட்டி எழுப்பிய ஸ்டூடியோ, எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மை.

இரண்டாவது நம் கதைக்கு இன்னும் நெருக்கம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸில் அப்பா அம்மா வீட்டின் ஒரு சின்ன பெட்ரூம். பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபின்னியஸும் தங்கள் முதல் முழு ஆல்பத்தின் பெரும்பகுதியை அங்கேதான் செய்தார்கள். 2019-ல் வந்த அந்த ஆல்பத்துக்கு அடுத்த வருடம் 'சிறந்த ஆல்பம்' கிராமி விருது. அந்த ரூமில் இருந்தவை யமஹா எச்.எஸ்.5 மானிட்டர் ஒரு ஜோடி, கூட ஒரு சப்-ஊஃபர். இதே எச்.எஸ்.5-ஐ இன்று கும்பகோணத்துக்கு கூரியரில் வரவழைக்கலாம்.

மந்தர ஸட்ஜமும் எட்டேமுக்கால் அடி சுவரும்

ஆனால் அதே ஸ்பீக்கரை வாங்கிவிட்டால் அதே சத்தம் வந்துவிடுமா? வராது. ஸ்பீக்கரை விட அதிகமாகப் பொய் சொல்லும் ஓர் ஆள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். ரூம்!

நம்ம ஊர்ப் புது வீடுகளில் ஒரு ரூம் என்றால் பத்துக்குப் பத்து. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம். சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சுருதி மாட்டிக்கொள்ளும். பத்தடி இடைவெளி என்றால் சுமார் 57 ஹெர்ட்ஸ். அந்தச் சத்தம் வந்ததும் ரூமே 'கும்'மென்று கூடச் சேர்ந்து பாடும். ரூமின் நீளம், அகலம் இரண்டும் பத்தடி என்றால் அந்த 'கும்' இரட்டிப்பாகும். சதுர ரூம் ரெக்கார்டிங்குக்கு ஆகாது என்று சவுண்ட் இன்ஜினீயர்கள் சொல்வது வாஸ்துவை வைத்து இல்லை, இதனால்தான்.

கர்னாடக இசை பாடுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஒரு கட்டையில் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். டெல்டா வெயிலில் சத்தம் பயணிக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், சுவருக்குச் சுவர் எட்டேமுக்கால் அடி இருக்கும் ரூம் அந்த 65 ஹெர்ட்ஸைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ரூமில் உட்கார்ந்து மிக்ஸ் செய்தால் தம்புரா எப்போதுமே தேவைக்கு மேல் கேட்கும். குறைத்துக்கொண்டே போவீர்கள். கடைசியில் பாட்டு சுருதி இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரல் என்றால் தப்பித்தோம். அங்கே தம்புராவின் அடி சுருதியே கிட்டத்தட்ட 98 ஹெர்ட்ஸ்.

இதனால் மானிட்டர் தேடும் முன் கையில் எடுக்க வேண்டியது இன்ச் டேப். வீட்டில் எந்த ரூம் சதுரமாக இல்லையோ அது. எந்த ரூமில் கட்டில், மெத்தை, துணி அடுக்கிய அலமாரி இருக்கிறதோ அது. பழைய ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் உண்மையில் அதிர்ஷ்டசாலிகள். சரிந்த கூரையும் மரச் சட்டங்களும் சத்தத்தை ஒரே இடத்தில் மோதி நிற்க விடாது. மழை பெய்தால் ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சவுண்ட் ப்ரூஃப் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே... அதை மறந்துவிடலாம். அது பேஸை ஒன்றும் செய்யாது, வெளிச் சத்தத்தையும் தடுக்காது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். மெல்லிய ஃபோம் ஷீட்டும் கோரைப்பாயும் பேஸ் விஷயத்தில் கிட்டத்தட்ட அப்படியே. மூலையில் சுருட்டி நிறுத்திய தடி இலவம்பஞ்சு மெத்தை இவற்றைவிடப் பரவாயில்லை. காசு செலவழிக்க முடிந்தால் நாலு இன்ச் தடிமன் ராக்வூலை மரச் சட்டத்தில் அடைத்து, துணி போர்த்தி, மூலைகளில் நிறுத்துவதுதான் பலன் தரும். பக்கத்து ஊர் ஆசாரி ஒரு நாளில் செய்து கொடுத்துவிடுவார்.

பெட்டியில் போட்ட நம்பரைப் படிப்பது எப்படி?

ரூம் முடிவானால் சைஸ் தானாக முடிவாகும். பத்துக்குப் பத்து ரூமுக்கு 5 இன்ச் ஊஃபர் போதும், அதற்கும் சின்ன ரூம் என்றால் மூன்றரை நாலு இன்ச். 8 இன்ச் வாங்கினால் பேஸ் நிறைய வரும்தான். அதில் பாதி ரூமில் சுற்றிச் சுற்றி உங்களைக் குழப்பத்தான் வரும். பெரியது வாங்கினால் நல்லது என்ற டிவி கணக்கு இங்கே செல்லாது.

விளம்பரத்தில் '54 ஹெர்ட்ஸ் முதல் 30 கிலோ ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருப்பார்கள். எச்.எஸ்.5-க்கு யமஹா கொடுக்கும் கணக்கு இது. அதே யமஹா இன்னொரு வரியும் கொடுக்கிறது. 54 என்பது சத்தம் 10 டெசிபல் குறைந்துபோன இடம். 3 டெசிபல் மட்டும் குறையும் இடம் 74. அதாவது ஒரு கட்டை தம்புராவின் 65 ஹெர்ட்ஸை அது கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்லும். ஜே.பி.எல். 305பி மார்க்-2 இந்த விஷயத்தில் கீழே வரை இறங்குகிறது. 10 டெசிபல் கணக்கில் 43 ஹெர்ட்ஸ். அதனால் அது உசத்தி, இது மட்டம் என்று ஆகாது. யமஹாவில் குரலின் நடுப்பகுதி கறாராகக் கேட்கும் என்பது பலரின் அனுபவம். தேவாரம், வீணை, பேச்சு என்றால் அது வசதி. தவிலும் கீபோர்டு பேஸும் அதிகம் என்றால் ஜே.பி.எல். பக்கம் சாயலாம்.

சின்ன ரூம்காரர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்பக்கம். இந்த இரண்டு மாடலுக்குமே காற்று வெளியேறும் துளை பின்னால் இருக்கிறது. சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் உப்பிக்கொள்ளும். கே.ஆர்.கே. ராக்கிட், காலி எல்.பி.-6 போன்றவற்றுக்குத் துளை முன்பக்கம். அதற்காக அவற்றைச் சுவரில் சாய்த்துவிடலாம் என்று அர்த்தமில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பின்னாலேயே சின்ன ஸ்விட்சுகளும் இருக்கும். யமஹாவில் 'ரூம் கன்ட்ரோல்', ஜே.பி.எல்.லில் 'பவுண்டரி ஈக்யூ'. சுவருக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் பேஸை இரண்டு மூன்று டெசிபல் குறைத்துக்கொள்ள இவை உதவும். வாங்கி மூன்று வருடம் ஆகியும் அந்த ஸ்விட்சைத் தொடாதவர்கள் நிறைய.

விலை பார்க்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. எச்.எஸ்.5, 305பி போன்றவை ஆன்லைனில் பெரும்பாலும் ஒற்றையாக விற்கப்படுகின்றன. போட்டோவில் இரண்டு இருக்கும், விலை ஒன்றுக்கு இருக்கும்! ப்ரீசோனஸ் ஈரிஸ் 3.5, மேக்கி சி.ஆர்.3 மாதிரி சின்ன மாடல்கள் ஜோடியாக வரும். ஆரம்பிக்கிறவர்களுக்கு இவை போதும். ஆனால் தொப்பிச் சத்தத்தின் அடிப்பகுதியை இவற்றில் எதிர்பார்க்க முடியாது. அதைச் சரிபார்க்க ஹெட்போன் வேண்டும்.

சொல்லப்போனால் கையில் இருப்பதே பத்தாயிரம்தான் என்றால் மானிட்டரை விட்டுவிட்டு முதலில் நல்ல ஹெட்போன் வாங்குவதுதான் சரி. ஹெட்போனுக்கு ரூம் கிடையாது, சுவர் கிடையாது. சோனி எம்.டி.ஆர். 7506, ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ் போன்ற மூடிய வகை என்றால் பாடும்போது சத்தம் மைக்கில் ஒழுகாது. ராத்திரி பாட்டியின் தூக்கமும் கெடாது. ஒரு குறைதான். குரல் நடுமண்டைக்குள் கேட்பதால் இடது வலது தூரத்தைச் சரியாக எடை போட முடியாது. அதற்கு மானிட்டர் வாங்கும் நாள் வரட்டும்.

எர்த் பின்னை உடைக்காதீங்க

பெட்டி வந்து இறங்கியதும் எங்கே வைப்பது? இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்கள் தலைக்கும் நடுவே சம பக்க முக்கோணம். ஒவ்வொரு பக்கமும் மூன்றரை, நாலு அடி. ட்வீட்டர் காது உயரத்தில். டேபிள் தாழ்வாக இருந்தால் அடியில் இரண்டு செங்கல் வைத்து மேலே ஒரு ரப்பர் ஷீட் போட்டாலும் போதும், தனி ஸ்டாண்ட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ரூமின் நீளவாக்கில் பார்த்து உட்காருங்கள். இடது பக்கம் சுவர், வலது பக்கம் திறந்த வாசல் என்று இருந்தால் இரண்டு காதுக்கும் இரண்டு கதை கேட்கும். ரூமின் நட்ட நடுவில் மட்டும் நாற்காலி வேண்டாம், அங்கே சில பேஸ் சத்தங்கள் காணாமலே போகும். பின்சுவருக்கும் ஸ்பீக்கரின் முகப்புக்கும் மூன்றடி இடைவெளி விட்டால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். மிருதங்கத்துக்கு அது கைவைக்கக் கூடாத இடம். அதனால் பாதி வழியில் நிறுத்தாமல், துளைக்கு மூச்சுவிட இடம் கொடுத்து ஓரளவு கிட்டே வைத்து, பின்பக்க ஸ்விட்சைப் பயன்படுத்துவதே சின்ன ரூமுக்குப் பொருந்தும்.

டெல்டா கிராமங்களில் இன்னொரு எதிரி கரன்ட். மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசரோ நல்ல யு.பி.எஸ்ஸோ இல்லாமல் மானிட்டரை நேரடியாகச் செருகுவது ரிஸ்க். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சிலர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்வார்கள். இரைச்சல் போனாலும் போகும், பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால் உயிரும் போகும். மழைக்காலத்தில் ஈரச் சுவர் உள்ள வீடுகளில் இதை நினைத்தே பார்க்கக் கூடாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து மானிட்டருக்கு 'பேலன்ஸ்டு' கேபிள் போட்டாலே பெரும்பாலான இரைச்சல் அடங்கிவிடும். சாதாரண கிட்டார் கேபிள் பார்க்க அதே மாதிரி இருக்கும். ஜாக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. மானிட்டரை வைத்துக் கேட்டுப் பார்க்கும் வசதி உள்ள கடை சின்ன ஊர்களில் அபூர்வம். திருச்சிக்கோ சென்னைக்கோ போகும் வேலை இருந்தால், ஆயிரம் தடவை கேட்டுப் பழகிய மூன்று பாட்டுகளைப் போனில் எடுத்துப் போகலாம். ஒன்று குரல் மட்டும், ஒன்று மிருதங்கமோ தவிலோ, ஒன்று சினிமாப் பாட்டு. மூன்றும் ஒரே அளவு சத்தத்தில் கேட்க வேண்டும், சத்தம் கூடினால் எந்த ஸ்பீக்கரும் நல்லதாகத்தான் தெரியும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்பதையும் முன்பே கேட்டுவைப்பது நல்லது. மானிட்டருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் போர்டு போனால் உள்ளூர் ரேடியோ மெக்கானிக் கை வைக்கத் தயங்குவார்.

எல்லாம் வைத்த பிறகும் கொஞ்ச நாள் காது தடுமாறும். புது மானிட்டரில் முதல் ஒரு வாரம் எதையும் மிக்ஸ் செய்யாமல், பிடித்த பழைய ரெக்கார்டிங்குகளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம். நல்ல மிக்ஸ் இந்த ரூமில் எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் பிடிபடும். சத்தம் பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசும் அளவுக்கு மேல் போக வேண்டாம். பிறகு முதல் மிக்ஸை முடித்ததும் போனில் ஒரு தடவை, டிவியில் ஒரு தடவை, முடிந்தால் ஊர்க் கோயிலில் மைக் செட் போடுகிறவரிடம் சொல்லி அந்தக் குழாய் ஸ்பீக்கரில் ஒரு தடவை.

அப்புறம் அதே குடும்ப வாட்ஸ்அப் குரூப். சித்தப்பா இந்தத் தடவை என்ன கேட்கிறார் என்று பார்க்கலாம்.